சிம் தட்டு இல்லாத போனுடன் காவிரி டெல்டாவில்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சிம் அட்டை செருக இடமே இல்லாத போன் ஒன்றை 2023 முதல் பயன்படுத்தி வருகிறேன். அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன ஐபோன் 14 அது. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகக் கோயில்களுக்கு வெளியூர், வெளிநாட்டுப் பக்தர்களை அழைத்துச் செல்வது என் தொழில். சூரியனார்கோயில், திங்களூர், ஆலங்குடி, கஞ்சனூர் என்று விடியற்காலையில் தொடங்கினால் இரவு வரை போன் ஓயாது. அதனால் இந்தப் போனின் நல்லது கெட்டது இரண்டையும் நிறையவே பார்த்துவிட்டேன். அட்டைக்குப் பதிலாக, போனுக்குள்ளேயே பதித்த சிப்பில் எண்ணை ஏற்றிக்கொள்வதுதான் இ-சிம். வெளிநாடு போகிறவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் வங்கிக் கணக்கும் ஆதாரும் கேஸ் இணைப்பும் தொங்கிக்கொண்டிருக்கும் ஊர் எண்ணை அட்டையிலிருந்து எடுத்துவிடுவது நம் பகுதிக்கு இன்னும் ஒத்துவரவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2022 செப்டம்பரில் ஐபோன் 14 வந்தபோது அமெரிக்காவில் விற்ற போன்களில் மட்டும்தான் சிம் தட்டை எடுத்தார்கள். டெல்டாக்காரர்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. 2025 செப்டம்பரில் ஐபோன் 17 வரிசை வந்தபோது நிலைமை மாறிவிட்டது. ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய 6 வளைகுடா நாடுகளிலும் விற்கும் ஐபோன் 17 போன்களில் சிம் தட்டு கிடையாது. கனடா, ஜப்பான், மெக்சிகோவிலும் அப்படியே. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் தட்டு இருக்கிறது. ஐபோன் ஏர் மட்டும் எந்த நாட்டில் வாங்கினாலும் இ-சிம்தான். கூகுளும் பிக்சல் 10 போனை அமெரிக்காவில் தட்டு இல்லாமலேயே விற்கிறது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் வளைகுடாவில் ஒருவராவது இருப்பார். அவர்கள் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவரும் போன் இனி இந்த வகையாக இருக்கப் போகிறது.

அப்படி ஒன்றை நேரிலேயே பார்த்தேன். கூத்தாநல்லூரில் ஒரு செல்போன் கடையில் கார் சார்ஜர் வாங்கிக்கொண்டிருந்தேன். துபாயிலிருந்து முதல்நாள்தான் வந்திறங்கிய ஒருவர், தன் அத்தாவுக்காக வாங்கிவந்த புதுப் போனையும், அத்தாவின் பழைய போனிலிருந்து கழற்றிய சிம்மையும் மேசையில் வைத்தார். கடைப் பையன் சிம் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு போனின் இடப்பக்க ஓரத்தை விரலால் தடவினான். பிறகு வலப்பக்கம். பிறகு அடியில். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதில் ஓட்டையே இல்லையே" என்றான். வந்தவர் முகம் வாடிவிட்டது. எண் அத்தா பெயரில் இருப்பதால் மாற்றிக்கொள்வதென்றால் அத்தாதான் ஆதாருடன் வர வேண்டும், வந்தாலும் மறுநாள் வரை ஓடிபி வராது என்று விளக்கினேன். அந்தப் பெரியவருக்கு நடக்கச் சிரமம். கடைசியில் எண் பழைய பட்டன் போனுக்கே திரும்பிப் போனது. புதுப் போன் வீட்டு வைஃபையில் பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேச மட்டும் என்று முடிவானது. லட்ச ரூபாய் கொடுத்து ஆசையோடு வாங்கிவந்த பொருள் அது. விற்ற கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

என் எண்ணை மாற்றிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். *#06# அழுத்தினால் போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணோடு, 32 இலக்க ஈஐடி எண்ணும் வரும். உள்ளே பதிக்கப்பட்ட சிப்பின் அடையாளம் அது. நிறுவனத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக் கோரிக்கை வைத்தால், உறுதி செய்த பிறகு க்யூஆர் கோடு மின்னஞ்சலில் வருகிறது. அதை இன்னொரு திரையில் திறந்து வைத்துப் போனால் படம்பிடிக்க வேண்டும். வைஃபை வேண்டும். பழைய அட்டையில் சிக்னல் போய், புதிதில் வரும் வரை கொஞ்ச நேரம் எண் எங்கேயும் இல்லாமல் இருக்கும். எனக்குச் சிக்கலின்றி முடிந்தது.

அதற்குப் பிறகுதான் உண்மையான காத்திருப்பு. நம் நாட்டில் சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வரவும் செய்யாது, போகவும் செய்யாது. சிம் மாற்றி வங்கிப் பணத்தைச் சுருட்டும் கும்பலைத் தடுக்கும் ஏற்பாடு இது. இந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் யூபிஐ செயலி புதிய போனில் நம்மைப் பதிவு செய்ய, நம் எண்ணிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி போயாக வேண்டும். ஆகவே ஒரு நாள் முழுக்க ஜிபே இல்லை, வங்கி ஓடிபி இல்லை, ரயில் டிக்கெட்டுக்குப் பணம் கட்ட வழியில்லை. பயணத்துக்கு முந்தைய நாள் இதில் இறங்கவே கூடாது. கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு, வேலையில்லாத நாளாகப் பார்த்துச் செய்ய வேண்டும். இன்னொன்று: 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய 7 நாட்களுக்குள் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றிக்கொள்ளவும் முடியாது.

வெளிநாட்டில் இந்தப் போன் தந்த நிம்மதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒரு குழுவை நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்கு அழைத்துப் போனேன். இலங்கைக்கான டேட்டா இ-சிம்மை, இந்தியாவில் விற்க அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்றிடம் வாங்கி, வீட்டு வைஃபையிலேயே ஏற்றி வைத்திருந்தேன். கரை நெருங்கும்போது அந்த இணைப்பை இயக்கினேன். குடியுரிமைச் சோதனை வரிசையில் நிற்கும்போதே யாழ்ப்பாணத்து வேன் ஓட்டுநரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது. மற்றவர்கள் சிம் வாங்கும் கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் எண் அணையாமல் பக்கத்திலேயே இருந்தது. டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்தி வைத்திருந்தேன். வங்கியிலிருந்து வந்த ஓடிபிக்குக் கட்டணம் எதுவும் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் சிங்கப்பூர் போனால் ஊர் சிம்மைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துப் பர்சுக்குள் வைப்போம். நகத்தளவு நானோ சிம், 12.3-க்கு 8.8 மில்லிமீட்டர். அது எந்த விடுதி அறையில் விழுந்தது என்று தேடி அலுத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கவலை அடியோடு போய்விட்டது. ஐபோனில் 8 அல்லது அதற்கு மேற்பட்ட இ-சிம்களைச் சேமித்து வைக்கலாம், அவற்றில் 2 ஒரே சமயத்தில் வேலை செய்யும்.

நம் ஊருக்கு வருகிறவர்களின் அனுபவம் வேறு மாதிரி. திருச்சி விமான நிலையத்தில் புதிய முனையம் 2024 ஜூனில் செயல்படத் தொடங்கிய பிறகு கோலாலம்பூர், சிங்கப்பூர், துபாய், கொழும்பிலிருந்து நேராகவே இறங்கிவிடுகிறார்கள். பயண இ-சிம் ஏற்றிக்கொண்டு வருவார்கள், வரைபடமும் வாட்ஸ்அப்பும் ஓடும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வெறும் டேட்டாதான், இந்திய எண் கிடையாது. நிலைய வைஃபையில் சேரக்கூட இந்திய எண்ணுக்கு ஓடிபி கேட்கும் இடத்தில் அவர்கள் திகைத்து நிற்கிறார்கள். மலேசியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் சனிக்கிழமை திருநள்ளாற்றில் பிரிந்துபோயிற்று. பாட்டியும் பேரனும் நளதீர்த்தக் கரையில், மற்றவர்கள் கோயிலுக்குள். அவ்வளவு கூட்டத்தில் எல்லாரும் ஒரே டவரைப் பிடித்து இழுக்கிறார்கள். பேரன் போனில் சிக்னல் கோடுகள் நிறைய இருந்தும் வாட்ஸ்அப் அழைப்பு சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் பக்கத்தில் நின்ற பூக்கடை அம்மாளிடம் சாதாரண பட்டன் போன் இருந்தது. "தம்பி, எண்ணைச் சொல்லு" என்று அவரே அழுத்திக் கொடுத்தார். முதல் அழைப்பிலேயே என் ஓட்டுநருக்குக் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது பேசக்கூடிய இந்திய எண் வைத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். பாஸ்போர்ட், விசா காட்டி வாங்க வேண்டும், உயிர் பெறச் சில மணி நேரம் ஆகும். அந்த அலைச்சல் தகும்.

இங்கே வந்திறங்கிய பிறகு பயண இ-சிம் செயலியைத் தேடிக்கொள்ளலாம் என்றும் இருக்கக் கூடாது. உரிய அனுமதி இல்லாமல் விற்பதாகக் கூறி, ஏராலோ, ஹோலாஃப்ளை ஆகிய 2 செயலிகளை 2024 ஜனவரியில் இந்தியாவில் தடுத்தார்கள். புறப்படும் ஊரிலேயே வாங்கி ஏற்றிக்கொண்டு வருவதுதான் பாதுகாப்பு.

நல்ல அம்சங்களில் இன்னும் சில. வேதாரண்யம், நாகை பக்கம் உப்புக் காற்றில் சிம் அட்டையின் செம்புப் பகுதி பச்சை பிடித்து 'சிம் இல்லை' என்று காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இதில் அந்தத் தொல்லை இல்லை. கூட்டத்தில் போனைப் பறித்தவன் சிம்மை உருவி எறிந்துவிட முடியாது. 2028 மகாமகம் வரப்போகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. தட்டு இருந்த இடத்தில் பேட்டரியைப் பெரிதாக்கியதால், ஐபோன் 17 புரோ வகைகளில் 2 மணி நேரம் கூடுதலாக வீடியோ பார்க்கலாம் என்கிறது ஆப்பிள்.

இத்தனைக்குப் பிறகும் என் மனத்தை மாற்றியது 2024 வடகிழக்குப் பருவமழையில் நடந்த ஒன்று. கீழப்பெரும்பள்ளம் கோயில் வாசலில் போன் திரை திடீரென்று கறுத்துவிட்டது. 2 கார்களில் ஆட்கள், அடுத்து திருவெண்காடு போக வேண்டும், மாலைக்கு விடுதி முன்பணம் கட்ட வேண்டும். அதே மழைக்காலத்தில் என் ஓட்டுநரின் போனும் ஒரு நாள் உடைந்திருந்தது. அவர் சட்டைப் பித்தானில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, தட்டை இழுத்து, சிம்மை வண்டிப் பெட்டியில் கிடந்த பட்டன் போனில் போட்டார். டீ ஆறுவதற்குள் அழைப்பு வர ஆரம்பித்துவிட்டது. என்னால் அப்படி எதுவும் செய்ய முடியவில்லை. என் எண் கறுத்துப்போன அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது. வீட்டில் இருந்த மாற்றுப் போன் இ-சிம் ஏற்காத பழைய ரகம். கும்பகோணம் திரும்புவதற்குள் நிறுவனத்தின் கடையை மூடிவிட்டார்கள். மறுநாள் காலை ஆதார், கைரேகை கொடுத்து அட்டையாகவே வாங்கினேன். அதற்கப்புறம் வழக்கம்போல 24 மணி நேரம். என்னை நம்பி வந்தவர்களுக்கு மூன்று நாள் என் ஓட்டுநரின் எண்தான் அலுவலகம். பணத்தை அவர்களே செலுத்திக்கொண்டார்கள்.

இதை ஒரு தனி மனிதனின் சங்கடமாக நான் நினைக்கவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது உறவினர்களுக்கு அரிசியும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு போனேன். வாரக்கணக்கில் மின்சாரம் வராத கிராமங்கள் இருந்தன. டீசல் ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் வரிசையில் நின்று சார்ஜ் போட்டார்கள். பெரிய போன்கள் அரை நாளில் அணைந்துவிடும் என்பதால், சிம்மைக் கழற்றி பட்டன் போனில் போட்டுத்தான் பிள்ளைகளுக்கு "உயிரோடு இருக்கிறோம்" என்று சொன்னார்கள். ஒரே பட்டன் போனில் வீட்டுக்கு வீடு சிம்மை மாற்றி மாற்றிப் போட்டுப் பேசியதைக் கண்ணால் பார்த்தேன். இ-சிம்மை இறக்க இணையம் வேண்டும், அதை ஏற்கும் போன் வேண்டும். அந்த வாரத்தில் வேதாரண்யத்தில் இரண்டுமே இல்லை. ஆண்டுதோறும் புயல் எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டே ஐப்பசி, கார்த்திகையைக் கடக்கும் மாவட்டங்கள் இவை. தட்டை எடுத்துவிடும் நிறுவனங்கள், போன் செத்த அன்றே எந்தச் சிறு ஊரிலும் எண்ணைத் திரும்பப் பெறும் வழியைச் செய்து தந்துவிட்டு எடுக்கட்டும்.

இப்போது என் ஏற்பாடு இதுதான். வங்கியோடு இணைந்த பழைய எண் அட்டையாக ஒரு மலிவான போனில் இருக்கிறது. யூபிஐயும் அதிலேயே. திரை மாற்றிய ஐபோனில் தொழில் எண்ணும், வெளிநாடு போகும்போது பயண இ-சிம்மும். இரண்டு போன் சுமப்பது தொந்தரவுதான். வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் பெற்றோருக்குப் போன் வாங்குவதாக இருந்தால், பெட்டியைப் பிரிக்கும் முன் கடைக்காரரிடம் சிம் தட்டு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் விடுமுறையின் முதல் வாரத்திலேயே எண்ணை மாற்றிக் கொடுத்து, ஓடிபி வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். விமானம் ஏறும் நாளுக்கு அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த போன் வாங்கும் நேரம் எனக்கும் வந்துவிட்டது. துபாயில் இருக்கும் மைத்துனர் தை மாதம் வரும்போது ஐபோன் 17 கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் மாப்பிள்ளை, நான் தஞ்சாவூரிலேயே தட்டு உள்ளதை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.