சிபிடியா டிபிடியா, ஏடிஹெச்டி ஆட்டிசம் இருக்கிற பெரியவங்களுக்கு எது செட் ஆகும்?

ரெண்டும் பேச்சு சிகிச்சை: சிபிடி எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தப் பாக்கும், டிபிடி பொங்குற உணர்ச்சியைச் சமாளிக்கக் கத்துக்குடுக்கும். ஏடிஹெச்டி (கவனம் ஒரு இடத்துல நிக்காத நிலை), ஆட்டிசம் இருக்கிறவங்கள்ல இந்த ரெண்டுக்கும் நடுவுல முழிக்கிறவங்க நிறைய. நான் ரெண்டும் போய்ப் பாத்தவன், அதனால சொல்றேன்.

ஆரம்பம்: சிபிடி 1960கள்ல ஆரோன் பெக் டிப்ரஷனுக்குக் கொண்டுவந்தது. டிபிடி மார்ஷா லினஹனோடது, தற்கொலை எண்ணம் விடாம துரத்துறவங்களுக்காக.

நேரம்: சிபிடி வாரம் ஒரு தடவை, பொதுவா 12லேர்ந்து 20 செஷன். டிபிடி முழுசா பண்ணா தனி செஷனோட வாரம் ஒரு குரூப் கிளாஸும் உண்டு, அங்க சொல்லிக்குடுக்குற ஸ்கில்ஸ் ஒரு ரவுண்டு முடியவே கிட்டத்தட்ட 6 மாசம். செலவும் அதுக்கேத்த மாதிரிதான்.

ஹோம்வொர்க்: ரெண்டுலயும் இருக்கு, நம்ம மண்டைக்கு இதான் வில்லன். சிபிடில என்ன நடந்துச்சு, என்ன தோணுச்சு, அதுக்கு ஆதாரம் என்னன்னு கட்டம் போட்ட தாள் குடுப்பாங்க, அது வாரம் பூரா பைக்குள்ளயே கசங்கிக் கிடக்கும், நான் செஷனுக்கு வெளிய முழங்கால்ல வச்சு அவசரமா நிரப்புவேன். "என்ன உணர்ந்தீங்க" கட்டம் மட்டும் எப்பவும் காலி. ஆட்டிசம் இருக்கிற நிறைய பேருக்கு உணர்ச்சிக்குப் பேர் சொல்லவே வராது, அதுக்கு அலெக்சிதைமியான்னு பேர். டிபிடில கொந்தளிப்பு அடங்க ஜில் தண்ணில முகத்தை முக்குறதுன்னு உடம்பு வழியா போறதால எனக்கு ஒட்டிக்கிச்சு (ஹார்ட் பிரச்சனை இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு). ஆனா குரூப்ல பத்து பேர் குரலும் டியூப்லைட் இரைச்சலும்... பாதி நாள் காதுல பஞ்சுதான்.

வேலையத் தள்ளிப்போடுறது, பதட்டம்னா சிபிடி, அதுலயும் ஏடிஹெச்டிக்குன்னு மாத்தினது. கோவம், அழுகை, மெல்ட்டவுன் (தாங்க முடியாம கட்டுப்பாடு போயிடுறது)னு வெடிச்சுடுறவங்களுக்கு டிபிடி. ஒண்ணு மட்டும், சத்தம் தாங்கலன்னு சொன்னா "அது உங்க தப்பான எண்ணம்"னு திருத்த வர்ற தெரபிஸ்ட்னா எந்த முறையா இருந்தாலும் ஆளை மாத்திடுங்க.