வாசல் கேமராவும் சமையலறை ஸ்பீக்கரும்: மூன்று வருஷ அனுபவம்

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பாளையங்கோட்டை வீட்டு வாசலில் ஒரு வைஃபை கேமரா மாட்டினேன். மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஓடாமல், சமையலறையில் இருக்கும் திரை வைத்த ஸ்பீக்கரிடம் கேட்டால் வாசல் தெரிய வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஸ்பீக்கருக்குள் இருந்து நாம் சொல்வதைக் கேட்டு நடக்கும் குரல் உதவியாளரோடு வேலை செய்யும் என்று கேமராப் பெட்டியிலேயே போட்டிருந்தது. மழை, வெயில், கரண்ட் கட் எல்லாவற்றையும் அந்தக் கேமரா தாங்கிவிட்டது. என்னைப் படுத்தியெடுத்தது அதை ஸ்பீக்கரோடு சேர்க்கும் வேலைதான்.

முதல் நாளே தகராறு. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அத்தானின் போனில்தான் கேமரா ஆப்பை இறக்கிக் கணக்குத் தொடங்கினோம். ஸ்பீக்கர் கணக்கோடு இணைத்தேன். இணைப்பு வெற்றி என்று பச்சை டிக் வந்தது. ஆனால் சாதனங்களைத் தேடச் சொன்னால் ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டேன், கேமராவைக் கழற்றி ரவுட்டர் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தேன், ஸ்பீக்கரைப் புதிதாக வாங்கியதுபோல ரீசெட் செய்தேன். இரண்டு சாயங்காலம் இதிலேயே போனது. கடைசியில் கேமரா ஆப்பின் செட்டிங்கில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் கண்ணில் பட்டது: பகுதி, சிங்கப்பூர். ஸ்பீக்கர் கணக்கு இந்தியா. அந்த ஆப்பில் பகுதியை மாற்ற வழியில்லை. பழைய கணக்கிலிருந்து கேமராவை நீக்கிவிட்டு, இந்தியா என்று போட்டு என் போனில் புதுக் கணக்கு தொடங்கினேன். பின்பக்க ஓட்டையில் ஊக்கு முனையை விட்டு அழுத்திக் கேமராவை ரீசெட் செய்து சேர்த்ததும் இரண்டே நிமிஷத்தில் ஸ்பீக்கர் கண்டுபிடித்துவிட்டது.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. இரண்டும் ஒரே வீட்டில், முப்பது அடி தள்ளி இருந்தாலும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. அம்மா கேட்பது முதலில் குரல் உதவியாளரின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து கேமரா கம்பெனியின் சர்வருக்கு. அப்புறம்தான் வாசல் படம் சமையலறைக்கு வருகிறது. அதனால் ரவுட்டரைத் தட்டிக்கொண்டிருப்பதில் பாதி நேரம் பலனில்லை. இப்போதெல்லாம் நான் முதலில் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் கேமரா ஆப்பைத் திறந்து பார்ப்பேன். படம் ஓடினால் கேமரா மேல் குற்றமில்லை. அடுத்து ஸ்பீக்கர் ஆப்பின் சாதனப் பட்டியல். அதில் கேமரா பெயரே இல்லையென்றால் கணக்கு, பகுதி சமாச்சாரம். பெயர் இருந்து, பதிலளிக்கவில்லை என்று காட்டினால் இரண்டு கணக்குக்கும் நடுவில் கொடுத்த அனுமதி செத்துப்போயிருக்கும். ஒருமுறை கேமரா ஆப்பின் பாஸ்வேர்டை மாற்றிய மறுநாளே எனக்கு இது நடந்தது. இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தேன், சரியாயிற்று.

பெயர் இருக்கிறது, பதிலும் வருகிறது, ஆனால் படம் வரவில்லை என்பது மூன்றாவது ரகம். 2024இல் ஒருநாள் அம்மா போன் செய்தார். "ஏல, அது வட்டமா சுத்திக்கிட்டே கெடக்கு, ஆளையும் காணோம் வாசலையும் காணோம்." என் போனில் பளிச்சென்று தெரிகிறது. விசாரித்தால் காரணம் நானேதான். மெமரி கார்டில் கூடுதல் நாள் பதிவாகட்டும் என்று அதற்கு முந்தின வாரம் வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறையை எச்.265 என்று மாற்றியிருந்தேன். எங்கள் ஸ்பீக்கர் திரைக்கு அது ஓடத் தெரியாது, எச்.264தான் வேண்டும். திருப்பி மாற்றினேன், படம் வந்தது. பத்து நாள் பதிவு தாங்கிய 64 ஜிபி கார்டு இப்போது ஆறு நாளில் நிரம்பிப் பழையதை அழிக்கிறது. பரவாயில்லை, ஆறு நாள் போதும்.

புது ஃபைபர் மோடம் வந்தபோது கேமரா வைஃபையிலேயே சேர மறுத்தது தனிக்கதை. கேமராவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும்தான் தெரியும், மோடம் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தது. பெயரைப் பிரித்ததும் தீர்ந்தது.

பெயர் என்றதும் இன்னொன்று. கேமராவுக்கு முதலில் "வாசல்" என்று வைத்தேன். ஆங்கிலத்தில் கேட்கும் ஸ்பீக்கர் அதை என்னவோ பாட்டென்று நினைத்துப் போட ஆரம்பித்தது. "கேட்" என்று மாற்றினால், ஏற்கெனவே இருந்த "கேட் லைட்" பிளக்கோடு குழம்பியது. இப்போது "பிரண்ட் கேமரா". அம்மா மாவுக் கையோடு "பிரண்டு கேமரா" என்று உகரம் சேர்த்துத்தான் சொல்கிறார், அதற்கும் புரிகிறது.

திரையில்லாத ஸ்பீக்கரை வாங்கிவிட்டு, கேமரா இணையவில்லை என்று புலம்பும் நண்பர்களும் எனக்கு உண்டு. அவர்களுக்கு நான் என்ன செய்ய! புதிதாக வாங்குபவர்கள், வெவ்வேறு கம்பெனிச் சாதனங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்ய வைக்கும் மேட்டர் என்ற பொதுத் தரத்தையும் கவனிக்கலாம். 2025 நவம்பரில் வந்த 1.5 பதிப்பில்தான் அதில் கேமராக்களுக்கே இடம் கிடைத்தது. பெட்டியில் வெறுமனே மேட்டர் என்றிருந்தால் போதாது, கேமராவுக்கா என்று கேட்டு வாங்குங்கள்.

கேட்டதிலிருந்து படம் வர ஐந்தாறு விநாடி ஆகிறது. அதற்குள் பால்காரர் பாக்கெட்டை வைத்துவிட்டுக் கிளம்பியிருப்பார். ஸ்பீக்கர் வழியாக வாசலில் இருப்பவரோடு பேசும் வசதி எங்கள் ஜோடிக்குக் கடைசிவரை அமையவில்லை, "யாரு?" என்று கேட்க அம்மா இன்னும் ஜன்னலுக்குத்தான் போகிறார். கூடத்தில் இன்னொரு கேமரா இருக்கிறது. அதை ஸ்பீக்கரோடு இணைக்கவில்லை, இணைக்கவும் மாட்டேன். தெருவைப் பார்க்க இன்னொரு கம்பெனிக்கு அனுமதி கொடுப்பது வேறு, அம்மா மத்தியானம் படுத்திருக்கும் இடத்துக்குக் கொடுப்பது வேறு.