நெல்லையில் மார்பகப் பரிசோதனை: கட்டி இல்லாமல் வரும் புற்றுநோய்க்கு எது உதவும், எது உதவாது

வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டைப் பக்கம் ஸ்கேன் சென்டர்கள் தரும் ‘பெண்கள் நல பேக்கேஜ்’, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசமாகச் செய்யும் பரிசோதனை, ஊர் மண்டபங்களில் நடக்கும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) முகாம். இந்த மூன்றையும் ஒரே ஒரு கேள்வியை வைத்து எடைபோடுகிறோம்: அழற்சி மார்பகப் புற்றுநோய் வந்த பெண் இங்கே நுழைந்தால் கண்டுபிடிப்பார்களா?

கட்டியாக வரும் வழக்கமான புற்றுநோய்க்கு மூன்றுமே நல்லவை, போகலாம். இந்த நோய்க்கு மட்டும், இப்போது நடக்கிற விதத்தில், மூன்றும் போதாது.

மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரைதான் இந்த வகை. ஆனால் வேகம் அதிகம். புற்றணுக்கள் தோலுக்குள் இருக்கிற நுண்ணிய நிணநீர்க் குழாய்களை அடைத்துவிடும். நீர் வடிய வழியில்லாமல் மார்பு வீங்கும், சூடாகும், தோல் தடிக்கும். மயிர்க்கால்கள் உள்ளே இழுபட்டு நார்த்தங்காய்த் தோல் மாதிரி குழிகுழியாகத் தெரியும். கையில் தட்டுப்படுகிற கட்டி பல பேருக்கு இருக்கவே இருக்காது. ஒரு மார்பு மட்டும் சில வாரங்களில் கனத்துப்போகும், உள்ளாடை ஒரு பக்கம் இறுக்கும், காம்பு உள்வாங்கும், அக்குளில் நெறி கட்டும். மாற்றம் தொடங்கி 6 மாதத்துக்குள் இருந்து, சிவப்பும் வீக்கமும் மார்பில் மூன்றில் ஒரு பங்காவது பரவியிருந்தால் டாக்டர்கள் இந்த நோயைச் சந்தேகிப்பார்கள். கண்டுபிடிக்கும்போதே குறைந்தது மூன்றாம் நிலை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதற்குள் வேறு உறுப்புக்கும் போயிருக்கும்.

ஆகவே வருடாந்தர பேக்கேஜை நம்பி இருக்க முடியாது. தை மாதம் நார்மல் என்று வந்த ரிப்போர்ட், பங்குனியில் சிவந்துபோன மார்புக்கு எந்த உத்தரவாதமும் தராது. பல பேக்கேஜ்களில் மேமோகிராம் 40 வயதுக்கு மேல்தான். இந்த நோயோ 30களில் இருப்பவர்களுக்கும், பால் கொடுக்கிற தாய்மாருக்கும் வரும்.

முகாம் படிவங்களில் பெரிய குறை, கேள்வி. ‘கட்டி இருக்கிறதா? காம்பில் நீர் வடிகிறதா?’ என்பதோடு முடிந்துவிடுகிறது. தோல் தடித்திருக்கிறதா, ஒரு பக்கம் சூடாக இருக்கிறதா, எத்தனை வாரமாக என்று கேட்பதில்லை. சுவரில் ஒட்டிய படங்களும் வெளிர்த் தோலில் ரோஜா நிறச் சிவப்பைக் காட்டுகின்றன. நம் ஊர்ப் பெண்களின் மாநிறத்திலும் கருப்பு நிறத்திலும் அது அப்படித் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதா சாயலாகவோ, சில சமயம் வெறுமனே கறுத்துத் தடித்த மாதிரியோ இருக்கும். கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை இரண்டு மார்பிலும் மாறி மாறி வைத்துச் சூடு பார்ப்பது அவசியம். பார்க்கிற செவிலியருக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. இதைச் செய்யாத முகாமை நாங்கள் முழுமையானது என்று சொல்ல மாட்டோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோல் சிவந்தால் அக்கி என்று நினைத்துக் காவியால் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. பால் கட்டியது என்று பத்துப் போடுகிறவர்களும் உண்டு. காவி பூசிய தோலில் நிறமும் குழியும் தெரியவே தெரியாது. டாக்டரிடம் காட்டுவதற்கு முன் கழுவிவிடுங்கள். வீட்டில் அத்தையோ ஆச்சியோ பூசிவிட்டது என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

முதலில் ஆன்டிபயாடிக் எழுதுவது தவறில்லை, பால் கொடுக்கிற தாய்க்குக் கிருமித் தொற்றுதான் அதிகம் வரும். தவறு எங்கே நடக்கிறதென்றால், 7 முதல் 10 நாளில் முழுசாகக் குறையாதபோது வேறொரு ஆன்டிபயாடிக், பிறகு இன்னொன்று என்று மாதங்கள் ஓடிவிடுவதில். முதல் நாளே சிவப்பின் ஓரத்தைப் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, ஒரே வெளிச்சத்தில் போன் படம் எடுத்து வையுங்கள். பத்தாம் நாள் கோட்டைத் தாண்டியிருந்தால், அல்லது அப்படியே இருந்தால், அடுத்த மாத்திரைக்குப் பதிலாக ஸ்கேனும் பயாப்ஸியும் (துளி சதை எடுத்துச் செய்யும் பரிசோதனை) கேளுங்கள்.

மேமோகிராமுக்குப் போகிற அன்று பவுடர், சென்ட் போடக் கூடாது. படத்தில் புள்ளியாக விழும். சேலையோ, தனி டாப்ஸோ வசதி. ஒரு பக்கத்துக்கு இரண்டு கோணம், மொத்தம் நான்கு படம். வீங்கிய மார்பை அழுத்தும்போது வலிக்கும், அதைச் சொல்லிவிட்டால் மெதுவாகச் செய்வார்கள். இந்த நோயில் படத்தில் கட்டியே தெரியாமல் தோல் தடிப்பு மட்டும் தெரியலாம். எனவே ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ் 1’ அல்லது ‘2’, அதாவது புற்றுநோய்ச் சந்தேகம் இல்லை, என்று வந்தும் தோல் அப்படியே இருந்தால் அந்த ரிப்போர்ட்டோடு நிற்கக் கூடாது. அக்குளையும் சேர்த்து அல்ட்ராசவுண்ட் வேண்டும். எம்ஆர்ஐ இன்னும் நுட்பமாகக் காட்டும். ரிப்போர்ட் தாள் மட்டும் தந்தால் போதாது, படத்தையோ சிடியையோ கேட்டு வாங்குங்கள்.

முடிவு சொல்வது பயாப்ஸிதான். ஊசியில் அணு எடுக்கிற எஃப்என்ஏசி இதற்குக் காணாது. கட்டியோ நெறியோ இருந்தால் தடித்த ஊசியால் சதைத்துண்டு எடுக்கிற கோர் பயாப்ஸி, கூடவே தோலில் இரண்டு இடத்திலாவது சின்ன வட்டத் துண்டு எடுக்கிற பஞ்ச் பயாப்ஸி. தோலில் புற்றணு தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது, அறிகுறிகளையும் சேர்த்துத்தான் தீர்மானிப்பார்கள். சிறிய இடங்களில் நடக்கிற பிழை, எடுத்த சதையை சலைனில் போட்டு அனுப்புவது. சதை கெடாமல் காக்கும் பத்து சதவீத ஃபார்மலினில் உடனே போட்டால்தான், எந்த மருந்து பலன் தரும் என்று காட்டுகிற ஈஆர், பிஆர், ஹெர்2 பரிசோதனைகளை நம்ப முடியும். டப்பாவில் பெயரும் எந்தப் பக்கம் என்பதும் எழுதியிருக்கிறதா என்று கூட வந்தவர் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே போவது? முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்ணுக்கு ஒரு நாள் போனால் அன்றைய கூலி போச்சு. அதனால் முதல் கதவாகப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைத்தான் சொல்வோம். அங்கே மேமோகிராம் இருக்காது, ஆனால் மேல்சிகிச்சைக்கு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டோடு பாளை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு (அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) காலையிலேயே போய், ஓ.பி. சீட்டு எடுக்கும்போது சர்ஜரி என்று கேளுங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்கத்தான் வேண்டும். இருந்தாலும் சர்ஜரி, ஸ்கேன், பேத்தாலஜி எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பதால், தனித்தனி சென்டர்களுக்கு அலைவதைவிட இது எவ்வளவோ மேல். ‘மார்பில் வலி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘மூன்று வாரமாக ஒரு மார்பு மட்டும் வீங்கிச் சிவந்திருக்கிறது, ஆன்டிபயாடிக்கில் குறையவில்லை’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சாப்பிட்ட மாத்திரை அட்டைகளும் பழைய சீட்டுகளும் கையில் இருக்கட்டும்.

நோய் உறுதியானால் சிகிச்சையின் வரிசை முக்கியம். முதலில் கீமோ, ஹெர்2 இருந்தால் அதற்கான மருந்தும் சேர்த்து. பிறகு மார்பையும் அக்குள் நெறிகளையும் எடுக்கிற அறுவை. அதன்பின் ரேடியேஷன். ‘முதலில் எடுத்துவிடலாம்’ என்று எங்காவது சொன்னால், புற்றுநோய் மருத்துவர் ஒருவரைப் பார்க்காமல் சம்மதிக்க வேண்டாம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போகலாம். பயாப்ஸி முடிவுக்குக் காத்திருக்கிற நாட்களிலேயே வீட்டில் ஒருவர் இந்த வேலையைத் தொடங்கிவிட்டால், கீமோ தேதி கிடைக்கும்போது அட்டை கையில் இருக்கும். ரேடியேஷன் பொதுவாக வாரம் 5 நாள், 5 அல்லது 6 வாரம். வள்ளியூர், சங்கரன்கோவில் மாதிரி தூரத்திலிருந்து வருகிறவர்கள் தினம் பஸ்ஸில் போய்வர உடம்பு தாங்காது. பாளையில் சொந்தக்காரர் வீடோ வாடகை அறையோ அறுவை முடிந்த கையோடு பார்த்துவிடுவது நல்லது.