செட்டிநாட்டு வீட்டில் விசேஷம் வைக்க முன்பணம் கொடுக்கிறீர்களா?

காரைக்குடி பக்கம் ஒரு பழைய நகரத்தார் வீடு. பகலில் டிக்கெட் போட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள், விசேஷத்துக்கு வாடகைக்கும் விடுகிறார்கள். பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை அங்கேதான் நடத்தினோம். முகப்பும் வளவும் (தூண்கள் சூழ்ந்த நடு முற்றம்) சடங்குக்கு, அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டு பந்திக்கு, பின்கட்டு சமையலுக்கு என்று பேசி, ஒரு லட்சம் முன்பணத்தைக் கணக்கில் போட்டோம்.

முதல் நாள் சாயங்காலம் சமையல்காரர் பாத்திரம் இறக்கப் போனால் இரண்டாங்கட்டுக் கதவில் பூட்டு. "அது இன்னொரு பங்காளியோட பங்கு சார். அவங்க சிங்கப்பூர்ல இருக்காங்க, சாவி எங்ககிட்ட இல்ல" என்றார் மேலாளர். இங்கே பல வீடுகள் இன்னும் பிரிக்காத சொத்து. தாத்தா, கொள்ளுத்தாத்தா கட்டியது, இன்று பேரன் பேத்திகளிடையே பங்குகளாக நிற்கிறது. அறைக்கு அறை வேறு பூட்டு. எங்களிடம் பணம் வாங்கியவர் ஒரே ஒரு பங்குக்காரர், மற்றவர்களைக் கேட்கவே இல்லை. பந்தியைத் தெருவில் பந்தல் போட்டு நடத்தினோம். அந்தச் செலவும் எங்கள் தலையில்தான்.

அடுத்த நாள் காலை, கலச நீர் ஊற்றி ஈரப் புடவையோடு பெரியம்மா மணையில் உட்கார்ந்திருக்க, டிக்கெட் வாங்கின கூட்டம் வளவுக்குள் நுழைந்தது. ஒருவர் தூணில் சாய்ந்துகொண்டு போனில் படமெடுத்தார். கேட்டால், "டிக்கெட் கொடுத்துட்டோமே, எப்படி சார் நிறுத்துறது?" என்று பதில்.

வீட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பர்மா தேக்குத் தூண், வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. வைகாசி வெயிலிலும் உள்ளே குளுகுளு என்றுதான் இருந்தது.

அப்புறம் வந்ததுதான் உச்சம். வளவின் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் (பூ வேலைப்பாட்டுத் தரை ஓடு) நான்கு உடைந்ததாகச் சொல்லி டெபாசிட்டில் இருபதாயிரம் பிடித்துவிட்டார்கள். அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்துக் கையால் செய்வது. எலுமிச்சை, புளி பட்டால் கறை பிடிக்கும். கறை என்று சொல்லியிருந்தால்கூடப் பேசாமல் கொடுத்திருப்போம். சொன்னது விரிசல். தம்பி குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தான். விரிசலுக்குள் கறுப்பாக அழுக்கும் எண்ணெயும் இறுகிக் கிடந்தது. ஒரு ராத்திரியில் சேருகிற அழுக்கா அது? பதிவு செய்யும்போது அவர்களே வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினோம். அதே கல், அதே விரிசல்!

இப்படி ஒரு வீட்டைப் பேசுகிறவர்கள் எந்தெந்தக் கட்டு என்று எழுதி வாங்குங்கள். மற்ற பங்காளிகளின் சம்மதக் கடிதத்தைக் கேளுங்கள், மழுப்பினால் வேறு வீடு பாருங்கள். விசேஷ நேரத்தில் பார்வையாளர் வரக்கூடாது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். சாவி கொடுக்கும்போதே தரையை வீடியோ எடுத்துவிடுங்கள்.

நாங்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டோம். பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சிவகங்கைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள்.