சிவகாமி எப்போது பயிற்சி செய்தாள்?

நாட்டியக்காரியைப் பற்றிய நாவல் என்று யாராவது ஒரு புத்தகத்தைக் கொடுத்தால், நான் அதில் முதலில் தேடுவது காதலை அல்ல. அவள் எந்த வயதில் தட்டடவு என்ற முதல் பாடத்தைத் தொடங்கினாள், தாளம் தட்டும் தட்டுக்கழி யார் கையில் இருந்தது, பின்னால் உட்கார்ந்து பாடியது யார், ஆடி முடித்த இரவில் அவள் முழங்கால் எப்படி வலித்தது, இதையெல்லாம்தான் தேடுவேன். பரதம் சொல்லிக்கொடுத்து வாழ்கிறவள் நான். எனக்கு வேறு மாதிரி படிக்க வராது.

இந்த அளவுகோல் இளங்கோவடிகள் கொடுத்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஐந்து வயதில் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடுகிறாள். ஆடலாசான், இசையாசான், தண்ணுமை என்ற முழவு வாசிப்பவர், குழல்காரர், யாழ்க்காரர் ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரி வரியாகச் சொல்கிறார். மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூணின் நிழல் ஆடுகிற இடத்தில் விழாதபடி விளக்கை எங்கே வைப்பது என்பதைக்கூட விடவில்லை. மேடையில் நின்றவர்களுக்குத்தான் அந்த நிழலின் தொல்லை தெரியும். இத்தனைக்கும் பிறகுதான் கோவலன் வருகிறான்.

அந்தக் கண்ணோடு கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தை மறுபடி படித்தேன். 1944 முதல் 1946 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தது, நான்கு பாகம். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி பல்லவ இளவரசன் மாமல்லனைக் காதலிக்கிறாள், எதிரியான சாளுக்கியரின் தலைநகர் வாதாபிக்குச் சிறைப்பட்டுப் போகிறாள், அந்த நகரம் எரியாமல் திரும்ப மாட்டேன் என்று சபதம் செய்கிறாள். மகேந்திர பல்லவரின் சூழ்ச்சிகள், பரஞ்சோதியின் பயணம், முற்றுகை எல்லாம் விறுவிறுப்பானவை. அதைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சிவகாமியின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

முதல் பாகத்தில் எனக்குப் பெரிய ஏமாற்றம். அரங்கேற்றம் நடக்கிறது, போர்ச் செய்தி வந்து பாதியில் நிற்கிறது. கதையைத் தொடங்க அற்புதமான இடம்தான். ஆனால் அந்த மேடைக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள்? காட்டுக்குள் வீடு, ரதி என்ற மான், கிளி, தாமரைக் குளம், அவள் ஆடி நிற்கும் நிலைகளைப் பார்த்துச் சிலை செதுக்கும் அப்பா, எல்லாம் கண் முன்னால் நிற்கின்றன. முழங்காலை மடக்கிப் பாதி அமரும் அரைமண்டியில் உட்கார்ந்து தொடை நடுங்கும் ஒரு காலை வேளையை மட்டும் காணோம். அவள் ஆடினாள், சபை மெய்ம்மறந்தது என்று பார்ப்பவர் பக்கத்திலிருந்தே எழுதுகிறார். ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் கச்சேரியையும் நடனத்தையும் விமர்சித்து எழுதியவர் கல்கி. முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவரின் எழுத்து அது. அந்த இடத்திலிருந்து வியர்வை தெரியாது.

ஆனால் அபிநயத்துக்கு வந்தால் கதை வேறு. திருநாவுக்கரசர் முன்னால் ‘முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்’ பாட்டுக்குச் சிவகாமி அபிநயம் பிடித்து, முடிவில் மயங்கி விழுகிறாள். நான்கே அடிகளுக்குள் ஒரு பெண் அவன் பெயரைக் கேட்பதில் தொடங்கித் தன்னை மறப்பது வரை போகவேண்டிய பாட்டு. பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் பெற்றோரை விட்டு நீங்கும் அடியில் முகம் எளிதில் பொய் சொல்லிவிடும். இந்தப் பாட்டைக் கல்கி வெறும் அலங்காரமாக வைக்கவில்லை. அவளுடைய வாழ்க்கையையே அந்த நான்கு அடிகளில் எழுதி வைத்துவிடுகிறார்.

இன்னும் பெரிய இடம் வாதாபியின் நாற்சந்திகள். அவள் ஆடாவிட்டால் சிறைப்பட்ட பல்லவ நாட்டு மக்களுக்குச் சவுக்கடி. ஆடுகிறாள். கலை என்றால் ஆனந்தம் என்று எழுதிக்கொண்டே வந்தவர், அதே கலையை ஒருத்தியின் உடம்பில் தண்டனையாக ஏற்றுகிறார். நான் படித்த அளவில் தமிழ்ப் புனைகதையில் நாட்டியத்தைப் பற்றி இவ்வளவு கடுமையான காட்சி வேறு இல்லை.

கடைசியில் மாமல்லனுக்கு வேறு மனைவியும் குழந்தைகளும் இருப்பது தெரிந்து, அவள் ஏகாம்பரநாதரையே கணவனாக ஏற்கிறாள். தாலி, நடனம், கண்ணீர். நானும் அழுதேன். அப்புறம் வருஷத்தை நினைத்துப் பார்த்தேன். தொடர் முடிந்த மறு வருஷம், 1947இல், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. ஊரெல்லாம் அந்த வழக்கத்தை ஒழிக்க வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், கல்கி அதையே ஒரு பெண் தானாகத் தேர்ந்த தெய்வீக முடிவாக எழுதியிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டுக் கதை என்று சொல்லி இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் இதோடு சேர்த்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ படிக்கச் சொல்கிறேன். 1936இல் வந்தது. நாவலாகப் பார்த்தால் கரடுமுரடு, பாத்திரங்கள் பக்கக் கணக்கில் சொற்பொழிவு செய்கிறார்கள். நடனம் அநேகமாக இல்லை. ஆனால் தேவதாசிகளின் உலகத்தை உள்ளே இருந்து அறிந்து, வெளியே வந்து போராடிய ஒருவரின் கோபம் இது. பணம் எப்படிக் கை மாறுகிறது, தாய் மகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறாள் என்பதெல்லாம் பூசி மெழுகாமல் இருக்கின்றன. சிவகாமியின் தாலிக்கு இந்தப் புத்தகம் கேட்கும் கேள்விக்குக் கல்கியிடம் பதில் இல்லை.

கொத்தமங்கலம் சுப்பு 1950களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘தில்லானா மோகனாம்பா’ளைப் பலரும் 1968இல் வந்த படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது நியாயமில்லை. மேளக்காரர்களும் ஆட்டக்காரர்களும் கோயில் திருவிழாவை நம்பிப் பிழைத்த வாழ்க்கை இதில் இருக்கிறது. என் மனதில் நிற்பவள் ஆட்டக்காரி மோகனாவைவிட அவள் அம்மா வடிவாம்பாள். அவளைப் பேராசைக்காரி என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் ஒரு பெண்ணின் இரண்டு கால்களை நம்பி எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கு அவளுக்குத்தானே தெரியும்!

பயிற்சியை உண்மையாகக் காட்டிய நாவல் எது என்று கேட்டால், ஆங்கிலத்தில் எழுதிய ஆர். கே. நாராயணனின் ‘தி கைடு’ (1958) என்பேன். கோயிலில் ஆடிய குடும்பத்தில் பிறந்து, பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்த ரோஸி, கணவனுக்குப் பிடிக்காததால் ஆட்டத்தை விட்டிருக்கிறாள். மறுபடி தொடங்கும்போது விடியற்காலையில் எழுந்து, குளித்து, சாமி கும்பிட்டு, மணிக்கணக்கில் பயிற்சி செய்கிறாள். யாரும் பார்க்கவில்லை, யாரும் மெய்ம்மறக்கவில்லை. கதை அவளை மேடையேற்றும் காதலன் ராஜுவுடையது, அவளை நாம் அவன் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். அது ஒரு குறை. ஆனாலும் ராஜு சிறைக்குப் போனபின் அவன் இல்லாமலே அவள் தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறாள் என்றால், அந்தக் காலைநேரப் பயிற்சியைப் படித்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.