‘டபுள் பேக்அப்’ என்று சொல்லி பில்ஜ் பம்புக்கு வயர் போட்டார், படகு மூழ்கத் தெரிந்தது

இரண்டு பேட்டரி பேங்க் (ஒரு வேலைக்கென்று ஒதுக்கிய பேட்டரித் தொகுதி) உள்ள படகு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒருமுறை பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மலேசியாவின் லங்காவித் தீவில் கட்டியிருக்கும் என் 31 அடிப் பாய்மரப் படகு இன்னும் மிதக்கிறது என்றால் அது அதிர்ஷ்டம்தான்.

படகு பழசு. இன்ஜின் ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி, விளக்கு, ஃப்ரிட்ஜ், ரேடியோவுக்கு இரண்டு பேட்டரி சேர்ந்த ஹவுஸ் பேங்க். படகின் அடிக்குழியான பில்ஜில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பில்ஜ் பம்ப் தேய்ந்துபோனதால் புதுசு மாற்ற ஆள் தேடினேன். தெரிந்தவர் தெரிந்தவர் என்று ஒருவர் வந்தார், நம்ம ஆள், பேச்சு இனிமை. எந்த பேங்கில் மாட்டப் போகிறீர்கள் அண்ணே என்று கேட்டேன். “ரெண்டிலயும் மாட்டி விடுறேன் தம்பி, ஒண்ணு செத்தா இன்னொண்ணு ஓட்டும்” என்றார். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது! பம்ப், தண்ணீர் ஏறினால் தானே பம்பை ஓடவிடும் ஃப்ளோட் ஸ்விட்ச், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரிங்கிட். அதில் ‘டபுள் பேக்அப் வயரிங்’ என்று தனியாக ஒரு வரி, 350.

அப்புறம் அக்டோபர் மழை. மூன்று வாரம் படகுப் பக்கம் போக முடியவில்லை. போய்க் கதவைத் திறந்தால் தரைப் பலகைகள் மிதக்கின்றன, டீசலும் உப்புத் தண்ணீரும் கலந்த நாற்றம். பம்ப் சத்தமே இல்லை. கைப்பம்பும் வாளியுமாக இரண்டு மணி நேரம் இறைத்தேன். பெரிய ஓட்டை ஒன்றும் இல்லை. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் தண்ணீரை அடைக்கும் கிளாண்ட் சொட்டிக்கொண்டிருந்தது, பாய்மரம் வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். வினாடிக்கு ஒரு சொட்டு என்றால்கூட நாளைக்கு 4 லிட்டருக்கு மேல், மூன்று வாரத்தில் 90 லிட்டர். பம்ப் ஓடியிருந்தால் அதற்கு இது ஒரு வேலையே இல்லை.

மல்டிமீட்டரை வைத்தேன். ஹவுஸ் பேங்க் 8.9 வோல்ட். ஸ்டார்ட் பேட்டரியும் 8.9. இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. மெயின் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கிறது, இரண்டும் தனித்தனி பேங்க், எப்படிப் புள்ளி பிசகாமல் ஒரே எண் காட்டும்?

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். இரண்டு பேங்கின் பாசிட்டிவ் முனையிலிருந்தும் ஒவ்வொரு வயர் வந்து, பில்ஜுக்குள், தண்ணீர் நிற்கிற மட்டத்திலேயே, ஒன்றாக முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. அந்த முடிச்சுக்குப் பிறகுதான் ஒரே ஒரு ஃபியூஸ், அதுவும் 20 ஆம்பியர், பம்ப் மேலேயே 5 என்று அச்சடித்திருக்கும்போது. அதாவது இரண்டு பேங்கையும் வீட்டுக்குப் போடுகிற ஒல்லி வயரால் நிரந்தரமாகச் சேர்த்து வைத்துவிட்டார், நடுவில் ஃபியூஸ்கூட இல்லாமல். ஹவுஸ் பேங்கில் ஒரு செல் ஷார்ட் ஆகியிருந்தது. அந்தச் செத்த பேட்டரி நல்ல பேட்டரியையும் சேர்த்து உறிஞ்சிவிட்டது. ஒன்று செத்தால் இன்னொன்றும் சாகும், இதுதான் அவருடைய பேக்அப். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் அந்த வயர் வழியாகவும் கரண்ட் பாய்ந்திருக்க வேண்டும், உறை பழுப்பேறி விறைத்துப்போயிருந்தது. தீப்பிடிக்காததும் ஒரு அதிர்ஷ்டம். டேப்பைப் பிரித்தால் செம்பு இல்லை, பச்சைத் தூள்தான் கொட்டியது.

போன் போட்டேன். “கடல் தண்ணி அப்படித்தான் தம்பி, பேட்டரிய மாத்துங்க” என்றார். படம் அனுப்பியதும் பதில் நின்றுவிட்டது. பணம் வரவில்லை, வராது.

இப்போது நானே மாற்றிப் போட்டிருக்கிறேன். அடியில் சின்ன பம்ப், ஹவுஸ் பேங்கில். அதற்கு ஒரு ஜாண் மேலே பெரிய பம்ப், ஸ்டார்ட் பேட்டரியில், கூடவே ஒரு அலாரம். ஆளுக்கொரு ஃப்ளோட் ஸ்விட்ச், ஆளுக்கொரு ஃபியூஸ், பம்ப் எந்த அளவு கேட்கிறதோ அந்த அளவில், பேட்டரி முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள். இரண்டும் மெயின் ஸ்விட்சைத் தொடாமல் நேராகப் போகின்றன, அப்போதுதான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் ஓடும். இரண்டு பாசிட்டிவும் எங்கேயும் சந்திப்பதில்லை. டின் பூசிய செம்பு வயர், உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப், ஜாயிண்ட் எல்லாம் பில்ஜுக்கு மேலே உயரத்தில். சாமான் செலவு அந்த 350-க்குள் முடிந்தது, வயிறு எரிகிறது.

உங்கள் படகில் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள். ஒரு பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பம்ப் வயரை மட்டும் கழற்றி, அதன் நுனி எதிலும் படாமல், அந்த நுனிக்கும் நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 12 வோல்ட் காட்டினால் அது இன்னொரு பேங்கிலிருந்து வருகிறது, உடனே பிரித்துவிடுங்கள். பிரித்தபின் ஃப்ளோட்டைக் கையால் தூக்கி பம்ப் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

ஆளின் பெயரை இங்கே போடவில்லை. பில்லில் ‘டபுள் பேக்அப்’ என்று தனி வரி இருந்தால் அவர்தான்.