கிறிஸ்துமஸ் மரமா, துஜாவா, போடோகார்ப்பஸா: சமவெளி வீட்டுக்கு எது சரி?

வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற ஊசியிலை மரம் வேண்டும் என்று நர்சரிக்குப் போனால், சமவெளியில் பெரும்பாலும் நான்கைத்தான் காட்டுவார்கள்: கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும் அராகேரியா, துஜா, ஜூனிபர், போடோகார்ப்பஸ். சவுக்கையும் சிலர் இந்தக் கூட்டத்தில் சேர்க்கிறார்கள். அதன் காய் கூம்பு மாதிரி இருந்தாலும் அது பூக்கும் தாவரம், பூக்காமலே விதை வைக்கும் இந்த ஊசியிலை இனமே இல்லை. வாங்க வருகிறவர்கள் அழகையும் விலையையும் பார்க்கிறார்கள், நான் முதலில் பார்ப்பது கவாத்து செய்தால் இந்தச் செடி திரும்பத் துளிர்க்குமா என்பதை. வேம்பு, செம்பருத்தி, முருங்கை வளர்த்த கைக்கு எங்கே வெட்டினாலும் தழைக்கும் என்ற நம்பிக்கை இருக்கும். ஊசியிலைச் செடிகளில் பலவற்றுக்கு அந்தக் குணம் கிடையாது.

அராகேரியாவில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் விற்பது அதுதான், அதிகம் தப்பான இடத்தில் நிற்பதும் அதுதான். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நார்ஃபோக் தீவிலும் நியூ கலிடோனியாவிலும் உள்ள இரண்டு இனங்களை ஒரே பெயரில் விற்கிறார்கள். தொட்டியில் மூன்றடி இருக்கும்போது அடுக்கடுக்காக விரியும் கிளைகள் கண்ணைப் பறிக்கும், ஆனால் தாய்மண்ணில் இவை 50 மீட்டரைத் தாண்டுகிற மரங்கள். காம்பவுண்டு சுவருக்கும் மின்கம்பிக்கும் நடுவே வைத்தவர்கள் சில வருஷத்தில் உச்சியை வெட்டச் சொல்கிறார்கள், வெட்டினால் அந்த ஒற்றைத் தண்டு கோபுர வடிவம் போய்விடுகிறது. கீழ்க்கிளைகள் நிழலாலோ வறட்சியாலோ உதிர்ந்தால் அந்த இடத்தில் மறுபடி வராது. பக்கக் கிளையை வெட்டி நட்டு வேர்பிடிக்க வைத்தாலும் அது மரமாக நிமிராமல் கிளையாகவே சாய்ந்து வளரும். உப்புக் காற்றைத் தாங்கும் என்பதால் கடற்கரை ஊர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் புளோரிடாப் பல்கலைக்கழகம் சூறாவளிகளுக்குப் பின் எடுத்த ஆய்வுகளில், புயல் காற்றுக்கு மிகக் குறைவாகத் தாக்குப்பிடிக்கும் மரங்களின் வரிசையில் நார்ஃபோக் தீவு மரம் இருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பதைப் பார்த்தவர்கள், இதை வீட்டுக்கு இருபதடிக்குள் நட யோசிக்க வேண்டும். பெரிய தோட்டம் இருந்தால் நடுங்கள், இல்லையென்றால் வெளிச்சமான பால்கனியில் பெரிய தொட்டியிலேயே இருக்கட்டும், பல வருஷம் அழகாக நிற்கும்.

துஜா அப்படிப் பயமுறுத்தாது. நம் ஊரில் கிடைப்பது சீனத்து இனம், வெயிலையும் சுண்ணாம்பு மண்ணையும் நன்றாகத் தாங்குகிறது. இலைக்கொத்துகள் புத்தகத்தின் தாள்களைப் போல நெட்டுக்குத்தாக நிற்கும், நீலம் பூத்த பச்சைக் காய்களின் முனையில் சின்னச் சின்னக் கொக்கிகள் இருக்கும், இதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். வேலியாகவும் வைக்கலாம், வாசலுக்கு இரண்டு பக்கமும் ஜோடியாகவும் வைக்கலாம். ஒரே ஒரு சங்கதி: கொத்தை விலக்கி உள்ளே பாருங்கள், நடுவில் இலையே இல்லாமல் பழுப்பாக இருக்கும். அது நோய் இல்லை, வெளிச்சம் படாத இடம், அவ்வளவுதான். ஆனால் கத்தரி அந்தப் பழுப்பு வரை போய்விட்டால் அங்கே பொட்டல் விழும், பெரும்பாலும் மூடாது. அதனால் பச்சை இருக்கும் அளவுக்குள் மட்டும், வருஷத்துக்கு ஓரிரு முறை லேசாக நுனி தட்டவேண்டும், நாலு வருஷம் விட்டுவிட்டு மொத்தமாக வெட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. சுவரை ஒட்டி நட்டால் சுவர்ப் பக்கம் மொட்டையாகிவிடும், மூன்றடியாவது தள்ளி வையுங்கள்.

ஜூனிபரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. இளம் இலை குத்தும், குழந்தைகள் ஓடும் நடைபாதை ஓரம் வேண்டாம். முழு வெயிலும் தண்ணீர் நிற்காத மண்ணும் இருந்தால் நன்றாக வரும். ஐப்பசி மழையில் வேர் அழுகுவதுதான் இதற்குப் பெரிய எதிரி, துஜாவைப் போலவே பழைய கட்டையில் துளிர்க்கவும் செய்யாது.

என் ஓட்டு போடோகார்ப்பஸுக்கு. ஜப்பானும் தென்சீனமும் இதன் பூர்வீகம், இலை நீளமாகப் பட்டையாக இருப்பதால் பலர் இதை ஊசியிலை இனம் என்றே நம்புவதில்லை. (தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை இன மரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் நாகேயா, இதே குடும்பம்தான், அதற்கும் அகல இலைதான்.) இது பாதி நிழலிலும் வளரும், பழைய கட்டை வரை வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும். இரண்டடி அகலச் சந்தில் பக்கத்து வீட்டு ஜன்னலை மறைக்கவேண்டும் என்றால் இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. குறையும் உண்டு. வளர்ச்சி மெதுவு, பொறுமை வேண்டும். காரத்தன்மையுள்ள போர் தண்ணீரும் சுண்ணாம்பு மண்ணும் சேர்ந்தால் இலை வெளிறி மஞ்சளாகும். மட்கிய தொழுவுரமும் சருகு மூடாக்கும் போடுங்கள், மழைத் தண்ணீர் சேமித்தால் முதலில் இதற்கு ஊற்றுங்கள். விதை நச்சு, வீட்டில் நாய் இருந்தால் கீழே விழுவதைப் பெருக்கிவிட வேண்டும்.

ஊட்டி போனவர்கள் கசக்கினால் எலுமிச்சை மணக்கும் மஞ்சள் சைப்ரஸை ஆசையாகக் காரில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். கலிபோர்னியாவின் குளிர்ந்த கடற்கரை மரம் அது, கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ வீடு இருந்தால் தாராளமாக வையுங்கள். சென்னை, மதுரை வெயிலுக்கு அதைக் கொண்டுவந்து வாட்டாதீர்கள்.

எதை வாங்கினாலும் கறுப்புக் கவரைக் கிழித்து, வட்டமாகச் சுற்றிய வேர்களைப் பிரித்துவிட்டு, தண்டின் அடி மண்ணில் புதையாதபடி நடுங்கள். இந்தச் செடிகள் வாட்டத்தை உடனே காட்டாது, இலை பழுப்பாகத் தெரியும்போது வேர் போய் வாரக்கணக்காகியிருக்கும், அப்போது குடம் குடமாக ஊற்றிப் பயனில்லை. கோடையில் துஜாவும் ஜூனிபரும் புழுதி படிந்த மாதிரி மங்கினால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டிப் பாருங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் அது செஞ்சிலந்தி, இலைச் சாற்றை உறிஞ்சும் மிகச் சின்ன உயிரி. குழாய்த் தண்ணீரைக் கொத்துக்குள் வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும், மிச்சத்துக்கு வெயில் தாழ்ந்த பிறகு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிக்கலாம், நீல ஜூனிபருக்கு மட்டும் வேண்டாம், எண்ணெய் பட்டால் அந்த நீலப் பூச்சு கழன்று வெறும் பச்சையாகிவிடும்.